டிராக்டர் ஓட்டுபவரின் காது

தூதரகங்கள் வரிசையாக நிற்கும் சாணக்யபுரியில் சாந்திபாதை போன்ற சாலைகளின் இருபுறமும் அகன்ற புல்வெளிகள் உண்டு. டெல்லியில் இப்படிப்பட்ட புல்வெளிகளுக்கும் நடுத்திட்டுச் செடிகளுக்கும் தண்ணீர் டாங்கரை டிராக்டர் இழுத்துவருவதுண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, அதன் சத்தம் போய்ச் சேரும் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும்தான் அனுமதி. இந்த அளவு சாலையோரத்தில் வசிப்பவருக்காக வகுக்கப்பட்டது. எஞ்சினுக்குப் பின்னால் திறந்த இருக்கையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரின் காதை அது கணக்கில் எடுக்கவில்லை. டிராக்டரில் மியூசிக் செட் பொருத்தி, செல்போனைப் புளூடூத்தில் இணைத்துப் பாட்டு வைக்கும் பழக்கத்தைப் பற்றி எழும் புகார்களும் அப்படித்தான்: தூக்கம் கெடுகிறது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தொந்தரவு. நியாயமான புகார்கள்தான். ஆனாலும் முதலில் கெடுவது ஓட்டுபவரின் செவி. அந்த இடத்திலிருந்து யோசித்தால், செல்போன் இணைப்பு டிராக்டருக்குத் தேவை, ஒலிபெருக்கிதான் தேவையில்லை என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

இணைப்பது எளிது. செட்டைப் புளூடூத் நிலைக்கு மாற்றி, செல்போனில் தேடி, திரையில் வரும் பெயரைத் தொட்டால் போதும். பழைய செட்டுகள் ஏதாவது எண் கேட்டால் அது பெரும்பாலும் 0000 அல்லது 1234. இணைந்த பிறகும் பாட்டு வரவில்லையென்றால் பொதுவாக இரண்டு காரணங்கள். செல்போனில் அழைப்பின் ஒலிக்கும் பாட்டின் ஒலிக்கும் தனித்தனி அனுமதி உண்டு, இரண்டாவது அணைந்திருக்கலாம். அல்லது முன்பு இணைத்திருந்த வேறொருவரின் செல்போன் முந்திக்கொண்டிருக்கும். செட்டுக்கான ஒயரை பேட்டரியிலிருந்து நேராக இழுக்காமல், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து ஃப்யூஸோடு எடுப்பது நல்லது. இல்லையென்றால் இரவெல்லாம் பேட்டரி வடிந்து, விடிகாலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. புளூடூத், ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனம் 1994 வாக்கில் தொடங்கிய ஆய்விலிருந்து வந்த நுட்பம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு விநாடிக்கு 1600 முறை தடம் மாறுவதால், பக்கத்தில் பத்து செல்போன்கள் இருந்தாலும் பாட்டு அறுந்துபோவது அரிது. இந்த அலைவரிசையைக் குறைந்த திறனில் உரிமமில்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு 2005 ஜனவரியில் விதி செய்தது. வீட்டு ரேடியோவுக்கே தபால் ஆபீசில் உரிமக் கட்டணம் கட்டிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது என்பதை நினைத்தால் இந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

உழவு ஓட்டுபவருக்குப் பாட்டு எதற்கு, வேலையைப் பார்க்கட்டுமே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே வயலில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போய்த் திரும்பும் வேலை எப்படிப்பட்ட சலிப்பு, எத்தனை தூக்கக் கலக்கம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. இரவில் கரும்பு ஏற்றிப் போகிறவருக்குப் பாட்டு ஒரு துணை. பாட்டோடு விஷயம் முடியவும் இல்லை. கையும் கண்ணும் வேலையில் இருக்கும்போது செய்தி போய்ச் சேரக்கூடிய வழி காது ஒன்றுதான். தமிழ் உழவர்களுக்கு இது புதிதல்ல. 1960-களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டு காவிரி டெல்டாவில் பரவிய ஏடிடீ 27 ரகத்துக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. இன்று அந்த வேலையைச் செல்போன் செய்ய முடியும். வானிலை ஆலோசனைக்கு மேகதூத், தமிழக அரசின் உழவன், இடி மின்னல் எச்சரிக்கைக்கு தாமினி என்று செயலிகள் இருக்கின்றன. திறந்த வயலில், தலைக்கு மேல் கூரையில்லாத வண்டியில் இருப்பவரைவிட மின்னல் எச்சரிக்கை யாருக்கு அவசரம்? ஆனால் சட்டைப் பைக்குள் இருக்கும் செல்போன் எழுப்பும் ஒலி எஞ்சின் இரைச்சலைத் தாண்டி அவருக்குக் கேட்காது.

இங்கேதான் சிக்கல். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிறுவனம், டிராக்டர்களைச் சோதிக்கும்போது ஓட்டுநரின் காதருகே உள்ள ஒலியையும் அளக்கிறது. கேபின் இல்லாத வண்டிகளில் அது 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நாள்தோறும் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதே அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் பரிந்துரைக்கும் எல்லை; அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். எஞ்சின் மட்டும் 91 டெசிபல் என்றால் இரண்டு மணி நேரம்தான். அதே 91 டெசிபலில் பாட்டும் சேர்ந்தால் கூட்டு ஒலி 182 ஆகிவிடாது. டெசிபல் கணக்கில் அது 94. ஆனால் அந்த மூன்று டெசிபல், நேரத்தை ஒரு மணியாகச் சுருக்கிவிடுகிறது. எஞ்சினும் பாட்டும் சமமாக இருந்தால் பாட்டு வரி புரியாது. எனவே கை தானாகவே ஒலியைக் கூட்டும். பாட்டு 97 டெசிபலுக்குப் போனால் மொத்தம் 98. அப்போது பாதுகாப்பான நேரம் அரை மணிக்கும் குறைவு. குறுவை நடவுக்கு முன் சேற்றுழவு ஓட்டுபவர் ஒரு நாளில் இருக்கையில் இருக்கும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரைச்சலால் செத்துப்போகும் உட்செவி நுண்மயிர்ச் செல்கள் திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது உயர் ஸ்தாயி ஒலிகள். பேரக் குழந்தையின் மெல்லிய குரலும் அதில் அடங்கும். செவி மந்தமாக ஆக, செட்டின் ஒலி இன்னும் கூடும்.

ஆகவே செல்போனை இணைக்க வேண்டிய இடம் மட்கார்டில் கட்டிய ஒலிபெருக்கி அல்ல, காதுகளை முழுவதும் மூடும் இரைச்சல் தடுப்பு ஹெட்செட். வெளி இரைச்சலைத் தணித்துக்கொண்டு, உள்ளே வரும் பாட்டை 82 டெசிபலுக்கு மேல் போகவிடாத புளூடூத் ஹெட்செட்டுகள் வெளிநாட்டுப் பண்ணைகளில் பல ஆண்டுகளாகப் புழங்குகின்றன. வெளி இரைச்சல் குறைந்துவிட்டால் சிறிய ஒலியே தெளிவாகக் கேட்கும். கூட்ட வேண்டிய தேவையே எழாது. அக்கம்பக்கத்தாரின் புகாரும் அத்தோடு தீர்ந்துவிடும். சாதாரண இயர்போன் இதற்கு மாற்று ஆகாது. அது இரைச்சலைப் போதிய அளவு தடுக்காததால், பாட்டைக் கூட்டிக் கூட்டிச் செவிக்கு இன்னும் நெருக்கத்தில் அடிக்க வைக்கும்.

காதை மூடினால் பின்னால் வரும் லாரியின் ஹார்ன் கேட்காதே என்று கேட்பார்கள். சரியான கேள்வி. ஹெட்செட் வயலுக்கு மட்டும்தான். தார்ச்சாலை ஏறும்போது கழற்றிவிட வேண்டும். சாலையில் ஒலிபெருக்கியும் இதே ஆபத்தைத்தான் தருகிறது. டிரெய்லருடன் போகும் வண்டி பின்னால் வரும் ஹார்னைக் கேட்காமல் திரும்பினால் விளைவு கொடூரம். அழைப்பு வந்தால்? கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு அபாயகரமான ஓட்டுதலில் சேர்க்கிறது. டிராக்டருக்கு விலக்கு இல்லை. கையில் பிடிக்காமல் பேசினாலும் கவனம் பேச்சில்தான் இருக்கும். பின்னால் ரோட்டவேட்டர் சுழன்றுகொண்டிருக்கும்போது அது போதும் ஓர் ஆளைச் சிதைக்க. வண்டியை நிறுத்திவிட்டுப் பேசலாம். 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் உழவர் அழைப்பு மையம் 2004 முதல் தமிழிலும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. வரப்போரம் நிறுத்திக் கேட்கத் தடையில்லை.

இன்னொரு மறுப்பு உணர்வு சார்ந்தது, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2020 நவம்பர் முதல் 2021 டிசம்பர் வரை டெல்லியின் சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் விவசாயிகள் முகாமிட்டிருந்தபோது, பஞ்சாப், ஹரியானா டிராக்டர்களின் பெரிய செட்டுகள் போராட்டப் பாடல்களை ஒலித்தன. கடும் குளிரில் ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து நிறுத்தியதில் அந்த ஒலிக்கும் பங்குண்டு. டிராக்டர் ஒலிபெருக்கி சொந்தக்காரரின் பெருமிதம் என்பது உண்மை. வண்டி நின்றிருக்கும்போது, ஊர் கூடியிருக்கும்போது, இரவு பத்து மணிக்கு முன்னால் அது ஒலிப்பதில் தவறில்லை. எஞ்சின் ஓடும்போது தனியாளின் காதுக்கு அரையடி தூரத்தில் அதைப் பொருத்துவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

விலைதான் கடைசித் தடை. கூலிக்கு ஓட்டும் ஓட்டுநர் தன் பணத்தில் ஹெட்செட் வாங்கமாட்டார். வண்டியின் சொந்தக்காரர் தன் காதுக்கே வாங்காதபோது ஓட்டுநருக்கு வாங்குவார் என்று எதிர்பார்ப்பதும் வீண். எனவே அரசு தொடங்க வேண்டும். டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் மானியம் தரும் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் இரைச்சல் தடுப்பு ஹெட்செட்டையும் ஒரு கருவியாகச் சேர்க்கலாம். தமிழக வேளாண் பொறியியல் துறை இ-வாடகை செயலி வழியாகத் தன் டிராக்டர்களை விவசாயிகளுக்கு வாடகைக்கு அனுப்புகிறது. அந்த வண்டிகளின் ஓட்டுநர்களுக்கு முதலில் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை அவர்களின் செவித்திறனைச் சோதித்துப் பதிவு செய்தால், நம் வயல்களில் உழைக்கும் காதுகளின் நிலை பற்றி நம் ஊரிலேயே எடுத்த கணக்கு ஒன்று சில ஆண்டுகளில் கையில் இருக்கும்.