ஒரு கண்ணியும் ஒன்பது தையலும்

'எ ஸ்டிச் இன் டைம் சேவ்ஸ் நைன்' என்னும் ஆங்கிலப் பழமொழி, தாமஸ் ஃபுல்லர் 1732-இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் ஏறத்தாழ இதே வடிவில் இடம்பெற்றுள்ளது. கிழிசல் சிறிதாக இருக்கும்போதே ஒரு தையல் போட்டுவிட்டால், பின்னர் ஒன்பது தையல் போடும் வேலை மிச்சமாகும் என்பது இதன் பொருள். இங்கே 'சேவ்ஸ்' என்பது காப்பதையன்று, மிச்சப்படுத்துவதையே குறிக்கிறது. 'இன் டைம்' என்பதும் விரைவை அல்லாமல், காலம் கடப்பதற்கு முன் என்பதைச் சுட்டுவதால், அவசரப்படுத்தும் இடத்தில் இதை ஆள்வது பிழையாகும். 'முளையிலேயே கிள்ளுதல்' என்னும் தமிழ் வழக்கு இதற்கு நெருங்கியதாயினும், அது தீயதை அழிக்கச் சொல்வது. இது நல்லதைப் பழுது பார்க்கச் சொல்வது.

ஆங்கிலத்தில் 'ஸ்டிச்' என்னும் ஒரே சொல் தையலையும், பின்னல் துணியின் கண்ணியையும், அதாவது நூல் வளைந்து உருவாகும் வளையத்தையும், குறிக்கிறது. திருப்பூரின் வேலம்பாளையம் போன்ற பனியன் தொழிற்பகுதிகளில் இந்த இரண்டாம் பொருளில்தான் பழமொழியின் முழு வலிமை விளங்குகிறது.

30 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 ஊசிகளும் கொண்ட வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் வட்டமாக நிற்கின்றன. ஒவ்வோர் ஊசியின் தலையிலும் ஒரு கொக்கியும், அதைத் திறந்து மூடும் சிறு நாக்கும் உண்டு. ஊசி மேலெழும்போது பழைய கண்ணி நாக்கைத் திறந்து அதற்குக் கீழே நழுவுகிறது. புதிய நூலைப் பற்றிக்கொண்டு ஊசி இறங்கும்போது, அதே பழைய கண்ணி நாக்கை மூடிவிட்டுத் தலையைக் கடந்து வெளியேற, புதிய கண்ணி அதனூடே இழுபட்டுத் துணியாகிறது. ஆகவே ஒவ்வொரு கண்ணியையும் அதற்கு மேலுள்ள கண்ணியே தாங்குகிறது.

ஒரே ஒரு கொக்கி முறிந்தால், அந்த நெடுக்கு வரிசையில் கண்ணிகள் நழுவி ஏணிபோல் இடைவெளி விழுகிறது. 90 நூல் ஊட்டிகளுடன் நிமிடத்துக்கு 25 சுற்று ஓடும் இயந்திரத்தில், 1 நிமிடக் கவனக்குறைவு 2,250 கண்ணிகளைக் கெடுத்துவிடும். துணியின் நீளத்தில் அது 1 மீட்டரைத் தாண்டும். ஃபுல்லரின் ஒன்பது இங்கே மிகச் சிறிய எண்ணாகிவிடுகிறது. அதனால்தான் தேர்ந்த நிட்டர், அதாவது பின்னல் இயந்திரத்தை இயக்குபவர், ஓடும் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்லிய கோடு தென்பட்டவுடனே இயந்திரத்தை நிறுத்தி ஊசியை மாற்றுகிறார். அது சில நிமிட வேலை. தவறவிட்டால், நூலின் விலையோடு சாயத்தின் செலவும் சேர்ந்த பின்னர், வெட்டும் மேசையில் அந்தப் பகுதியை ஒதுக்கித்தான் வெட்ட வேண்டியிருக்கும்.