அகன்ற பட்டியலும் அளவான தாளும்

கணிப்பொறித் திரையிலே ஒரு பட்டியல் எவ்வளவு அகலத்திற்கும் விரிந்து செல்லும். எக்ஸெல் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஒரே ஏட்டில் 16,384 நெடுவரிசைகளும் 10,48,576 கிடைவரிசைகளும் இருக்கின்றன. நாம் அச்சிடும் ஏ4 தாளுக்கோ அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297 மில்லிமீட்டர், அவ்வளவே. கண்மாய்த் தண்ணீரைச் செம்பில் அடக்கும் இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் முறையை இங்கே காண்போம்.

இது கணிப்பொறி வந்த பிறகு முளைத்த சங்கடம் அன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் கிராமங்களில் கணக்குப்பிள்ளை எழுதி வந்த அடங்கலை எண்ணிப் பாருங்கள். கிராமக் கணக்கில் 2-ஆம் எண் உடையது அது. புல எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர், பயிர், விதைத்த மாதம், அறுத்த மாதம், விளைச்சல், நீர்ப்பாசன வழி என்று அதற்குப் பத்திகள் ஏராளம். பருத்தியும் கம்பும் உளுந்தும் மல்லியும் மானாவாரியாய் விளையும் ஊரில் ஒரு புஞ்சைக்கு ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரி நீளமானது. அதற்காகவே எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் ஒரே பக்கமாகக் கொண்டு, இடப்பக்கத்து வரி வலப்பக்கத்தில் தொடரும்படி எழுதுவார்கள். ஒவ்வொரு பக்கத் தலையிலும் பத்திப் பெயர் இருக்கும். பக்க அடியில் கூட்டுத்தொகை இருக்கும். பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பசலி ஆண்டு மட்டும் இன்றும் ஜூலை முதல் நாளில்தான் பிறக்கிறது. 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ஆம் பசலி. கணிப்பொறியில் அச்சிடும்போது நாம் தேட வேண்டியவையெல்லாம் அந்தப் பழைய பேரேட்டிலேயே இருந்தன என்பது எங்கள் எண்ணம்.

இதில் அப்படி என்ன வந்துவிடப் போகிறது என்று சிலர் கேட்கலாம். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் மாநிலத்தில் 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய இம்முயற்சி இன்று நம் வீட்டுத் தாய்மார் பலரின் சேமிப்புக்கும் கடனுக்கும் வழியாக இருக்கிறது. பதினைந்து உறுப்பினர் கொண்ட குழுவின் கடன் கணக்கு கணிப்பொறியில் இருக்கிறது. முதல் பத்தியில் பெயர், கடைசிப் பத்தியில் பாக்கித் தொகை. எதையும் மாற்றாமல் அச்சிட்டால் முதல் தாளில் பெயர்கள் வரும். பாக்கித் தொகை மூன்றாம் தாளில், பெயரும் தலைப்பும் இன்றி வெறும் எண்களாய் நிற்கும். கூட்டத்திலே எந்தத் தொகை எவருடையது என்று விரலால் வரிசை எண்ணித்தான் சொல்ல வேண்டும். ஒரு வரி தவறினால் மாரியம்மாள் கட்டிய பணம் முத்துலெட்சுமி பேரில் போய்விடும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு தாய், தன் பெயருக்கு நேரே தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள இயலாமற் போகிறதே, அதுவே பெரிய குறை.

இனி வழிமுறைக்கு வருவோம். நமக்குப் பழக்கமான மழைக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் கோவிலாங்குளத்திலும் மழைமானிகள் உண்டு. ஒரு நிலையத்தின் நாற்பது ஆண்டு மழையை எழுத, ஆண்டுக்கு ஒரு பத்தி, மாதங்களுக்குப் பன்னிரண்டு, மொத்தத்திற்கு ஒன்று. ஆகப் பதினான்கு பத்திகள். பத்திக்கு 20 மில்லிமீட்டர் என்றால் 280 மில்லிமீட்டர் வேண்டும். தாளை நெடுக்காக வைத்தால், எக்ஸெல் இருபுறமும் தானாக விடும் ஓரம் போக 174 மில்லிமீட்டரே மிஞ்சும். அதற்குள் அடக்க 62 விழுக்காடாகச் சுருக்க வேண்டும். 11 புள்ளி எழுத்து 7 புள்ளிக்கும் கீழே போய்விடும். பாட்டிமார் கண்ணாடி போட்டும் படிக்க முடியாது. தாளைக் கிடக்கையாகத் திருப்பினாலோ 261 மில்லிமீட்டர் கிடைக்கிறது. 93 விழுக்காடு போதும். எழுத்தும் 10 புள்ளிக்குக் குறையாது. ஆகவே முதலில் தாளைத் திருப்புங்கள், பிறகு சுருக்குங்கள்.

சுருக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'பேஜ் லேஅவுட்' பகுதியில் 'விட்த்' என்பதற்கு ஒரு பக்கம் என்று கொடுத்து, 'ஹைட்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' ஆகவே விட வேண்டும். அகலம் ஒரு தாளில் அடங்கும். நீளம் தேவையான தாள்களுக்கு ஓடும். முழுவதையும் ஒரே தாளில் அடக்கும்படி கட்டளையிட்டால், இருநூறு வரிப் பட்டியல் எறும்பு ஊர்ந்தது போல் ஆகிவிடும்.

நம் மழைக் கணக்கு கிடக்கைத் தாளில் முப்பத்து மூன்று ஆண்டு வரை ஓடி, மிச்சம் ஏழு ஆண்டுகள் இரண்டாம் தாளுக்குப் போகும். அங்கே மாதப் பெயர் இல்லையென்றால் எது ஐப்பசி மழை, எது கோடை மழை என்று எப்படி அறிவது? 'பிரிண்ட் டைட்டில்ஸ்' என்பதைத் திறந்து, தலைப்பு வரியை மேலே திரும்ப வரும்படி குறித்தால் ஒவ்வொரு தாளிலும் அது தானே வரும். பட்டியல் அகலத்தில் பிரிந்தே தீர வேண்டுமானால், பெயர்ப் பத்தியை இடப்பக்கம் திரும்ப வரும்படியும் அங்கேயே குறிக்கலாம். இந்த ஒரு வசதியைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

2018-இல் வந்த பாடத்திட்டப்படி பதினோராம் வகுப்பில் படிக்கும் ஓப்பன் ஆஃபீஸ் கால்க் செயலியிலும் இவையெல்லாம் உண்டு. 'ஃபார்மட்' பட்டியலில் 'பிரிண்ட் ரேஞ்சஸ்' என்ற இடத்தில் தேடுங்கள்.

பட்டியல் முடிந்த பிறகும் வெற்றுத் தாள்கள் வந்துகொண்டே இருப்பதுண்டு. எங்கோ தொலைவில் ஒரு கட்டத்தில் யாரோ தட்டிய இடைவெளியோ போட்ட கோடோ இருக்கும். வேண்டிய பகுதியை மட்டும் தெரிவுசெய்து 'பிரிண்ட் ஏரியா'வாகக் குறித்துவிட்டால் தாள் வீணாகாது. திரையில் தெரியும் மெல்லிய கட்டக் கோடுகள் தாளில் தாமாக வருவதில்லை. 'கிரிட்லைன்ஸ்' என்பதன் கீழ் 'பிரிண்ட்' என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். எண்ணுக்குப் பதிலாக ##### என்று நின்றால் பத்தி குறுகலென்று பொருள். அச்சிலும் அப்படியே வருமாதலால் முன்னோட்டத்தில் ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள்.

கோப்பைக் கடைக்குக் கொண்டுபோய் அச்சிடுகிறவர்களுக்கு இன்னொன்று. பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பெயர்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய் நிற்கும். யூனிகோடில் தட்டுவதே நல்லது. அதோடு வீட்டிலேயோ பள்ளியிலேயோ கோப்பைப் பி.டி.எஃப். ஆக மாற்றி எடுத்துச் சென்றால் பக்கங்கள் இடம் மாறா. சில கணிப்பொறிகளில் தாள் அளவு அமெரிக்க 'லெட்டர்' என்று இருக்கும். அது ஏ4-ஐவிட 6 மில்லிமீட்டர் அகலம் கூடியது, 18 மில்லிமீட்டர் உயரம் குறைந்தது. ஏ4 என்று மாற்றிய பிறகே மற்றவற்றைத் தொடங்க வேண்டும்.

வெளிநாட்டாரும் இதில் திண்டாடியவர்களே! 1979-இல் விசிகால்க் என்னும், தனிநபர் கணிப்பொறிக்கான முதல் கணக்கேடு வந்தது. அக்காலப் புள்ளி அச்சுப்பொறியோ சாதாரணமாக வரிக்கு 80 எழுத்தே அடிக்கும். பட்டியலைப் பக்கவாட்டில் திருப்பி, நீண்ட தொடர்தாளில் அச்சிடுவதற்கென்றே 1980-களில் அமெரிக்காவில் 'சைட்வேஸ்' என்று தனிச் செயலி விற்றார்கள். நாம் இன்று ஒரு சொடுக்கில் செய்வதை அவர்கள் காசு கொடுத்து வாங்கினர்.

இனி அடிக்குறிப்பில் பக்க எண்ணை, '3-இல் 1' என்று மொத்தப் பக்கமும் தெரியும்படி இடுங்கள். ஒரு தாள் தொலைந்தால் உடனே தெரியும். அச்சிட்ட தேதியும் இருக்கட்டும். இரண்டு பிரதிகள் கையில் இருந்தால் எது புதியது என்ற வழக்கு வராது. இடப்பக்கம் 25 மில்லிமீட்டர் ஓரம் விட்டால், கோப்பில் சேர்க்கத் துளையிடும்போது முதல் பத்தியிலுள்ள பெயர்கள் ஓட்டையில் போகமாட்டா.