கோட்டையே இல்லாத ‘ஃபோர்ட்’: மும்பையின் பழைய நகரம் சொல்லும் கதை என்ன?

வேலைக்காக மும்பை போன பலருக்கும் முதல் வாரத்திலேயே வரும் சந்தேகம் இது: “எல்லாரும் ஃபோர்ட், ஃபோர்ட்னு சொல்றாங்களே, கோட்டை எங்கே?”

பதில் ரொம்ப சிம்பிள். கோட்டை இல்லை. இடிச்சு 150 வருஷத்துக்கு மேல ஆச்சு.

கோட்டைக்கு என்ன ஆனது?

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் நகரத்தைச் சுற்றி மதில் இருந்தது. உள்ளே நெரிசல் கூடியது, படையெடுப்பு பயம் குறைந்தது. 1860-களில் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரேர் மதிலை இடிக்க வைத்தார். ஆனால் பெயர்கள் தங்கிவிட்டன. 1718-ல் திறக்கப்பட்ட செயின்ட் தாமஸ் தேவாலயத்துக்குப் போகும் வாயில்தான் ‘சர்ச்கேட்’. வாயில் போனாலும், அந்தப் பெயரில் ரயில் நிலையம் இருக்கிறது. வாயில் நின்ற பகுதியில் இன்று ஃப்ளோரா நீரூற்று. அதன் அருகிலேயே, மகாராஷ்டிர மாநிலம் கேட்டுப் போராடி உயிர்விட்டவர்களின் நினைவிடமான ஹுதாத்மா சௌக்.

இவ்வளவு பெரிய கட்டடங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

பெரும்பங்கு பருத்தியிலிருந்து. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். பிரிட்டிஷ் ஆலைகளுக்கு அங்கிருந்து வந்த பஞ்சு நின்றுபோக, பம்பாய் பஞ்சுக்கு விலை எகிறியது. அப்படிப் பணம் பார்த்த வியாபாரி பிரேம்சந்த் ராய்சந்த் கொடுத்த நன்கொடையில் எழுந்ததுதான் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரம் (1878). ராஜாபாய் அவருடைய அம்மா. போர் முடிந்ததும் சந்தை சரிந்து, அவரும் பெரும் நஷ்டப்பட்டார். கோபுரம் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது.

ஓவல் மைதானத்தில் என்ன விசேஷம்?

மைதானத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். கிழக்கே ராஜாபாய் கோபுரம், உயர் நீதிமன்றம் என்று 19-ம் நூற்றாண்டின் கூர்முனைக் கற்கட்டடங்கள். மேற்கே, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 1930-களில் எழுந்த ஆர்ட் டெகோ குடியிருப்புகள். நடுவில் பசங்க கிரிக்கெட். இந்த இரட்டை வரிசைக்கு 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. சி.எஸ்.எம்.டி ரயில் நிலையம் 2004-லேயே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

கேட்வே ஆஃப் இந்தியா?

1911-ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வந்து இறங்கியதன் நினைவாகத் திட்டமிட்டது. கட்டி முடித்தது 1924-ல்தான்! 1948 பிப்ரவரி 28 அன்று, கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு வெளியேறியதும் இதே வாசல் வழியாகத்தான்.

எல்லாக் கட்டடங்களும் பத்திரமாக இருக்கின்றனவா?

இல்லை. காலா கோடா பக்கம் எஸ்பிளனேட் மேன்ஷனைப் பாருங்கள். ஒரு காலத்தில் வாட்சன்ஸ் ஹோட்டல். இங்கிலாந்தில் செய்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து பூட்டியது. 1896 ஜூலை 7-ல் இந்தியாவில் முதன்முதலாக லூமியேர் சகோதரர்களின் படங்கள் காட்டப்பட்ட இடம். பின்னாளில் அறை அறையாக வாடகைக்குப் போனது. வாடகைக் கட்டுப்பாட்டால் வருமானம் சொற்பம், பராமரிப்பும் போச்சு. 2005-ல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 2019-ல் எல்லாரையும் காலி செய்ய வைத்தார்கள். இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்பதில் நிபுணர்களிடமே இரண்டு கருத்து.

பட்டியலில் உள்ள கட்டடங்களை அனுமதியின்றி இடிக்கவோ மாற்றவோ கூடாது என்று மும்பையில் 1995-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் விதி இடிப்பதைத் தடுக்கும். ஒழுகும் கூரையைச் சரிசெய்யாது. அதற்கு யார் செலவு செய்வது என்பதுதான் உண்மையான கேள்வி.

எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

ஞாயிறு காலை போங்கள். ஆபீஸ்கள் லீவு, தெருக்கள் காலி. சி.எஸ்.எம்.டி-யில் தொடங்கி ஃப்ளோரா நீரூற்று, ஹார்னிமன் சர்க்கிள், ஓவல், காலா கோடா, கேட்வே என்று நடந்தால் அரை நாளில் முடிந்துவிடும். உள்ளே நுழைய எல்லா இடத்திலும் அனுமதி கிடைக்காது. வெளியிலிருந்து அண்ணாந்து பார்க்க டிக்கெட் வேண்டாம்.