குழந்தைகளில் கண்கட்டி

கண்கட்டி என்பது கண் இமையின் விளிம்பில் உள்ள சிறு சுரப்பிகளில் பாக்டீரியா தொற்று ஏற்படுவதால் தோன்றும், வலியுடன் கூடிய சீழ்க்கட்டி ஆகும். இது இமைக்கட்டி எனவும் அழைக்கப்படுகிறது. மருத்துவத்தில் இதற்கு வழங்கும் ஹோர்டியோலம் என்னும் பெயர், வாற்கோதுமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கண்களை அடிக்கடி கசக்கும் பழக்கம் உள்ளதால் குழந்தைகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் தானாகவே குணமாகிவிடும்.

காரணம்

பெரும்பான்மையான கண்கட்டிகளுக்கு ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவே காரணம். இது பலருடைய தோலிலும் மூக்கிலும் தீங்கின்றி வாழ்வது. அழுக்கான கையால் கண்ணைத் தேய்க்கும்போது இமைக்குச் சென்று, அடைபட்ட சுரப்பியில் பெருகுகிறது. இமை விளிம்பில் நாட்பட்ட அழற்சி உள்ள குழந்தைகளுக்குக் கட்டி மீண்டும் மீண்டும் வரலாம். உடற்சூட்டினால் கண்கட்டி வருகிறது என்பது தமிழகத்தில் பரவலான நம்பிக்கை. ஆனால் நோய்க்குக் காரணம் தொற்றே.

வகைகள்

வெளிக்கட்டி: இமைமயிரின் அடியில் உள்ள சைஸ் சுரப்பி அல்லது மோல் சுரப்பியில் தோன்றுவது. இமை விளிம்பில் மஞ்சள் நிற முனையுடன் காணப்படும்.

உட்கட்டி: இமையின் உள்ளே எண்ணெய்ப் பொருளைச் சுரக்கும் மெய்போமியன் சுரப்பியில் தோன்றுவது. வலி மிகுதியாக இருக்கும்.

இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது சலேசியன். சுரப்பி அடைபடுவதால் உண்டாகும் இக்கட்டி பொதுவாக வலியற்றது. பல வாரங்கள் நீடிக்கக்கூடியது. 'மெட்ராஸ் ஐ' எனப்படும் விழிவெண்படல அழற்சியும் வேறு நோயே. அதில் கண்ணின் வெண்பகுதி சிவக்கும்; கண்கட்டியில் இமையின் ஓரிடம் மட்டும் வீங்கும். மெட்ராஸ் ஐ எளிதில் பிறருக்குப் பரவும். கண்கட்டி அவ்வாறு பரவுவதில்லை. எனவே குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக இல்லை.

சிகிச்சை

வெந்நீர் ஒத்தடமே முதன்மையான வீட்டுச் சிகிச்சை. தூய்மையான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்ணின் மேல் 5 முதல் 10 நிமிடங்கள், நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை வைக்க வேண்டும். வெப்பம் அடைப்பை இளக்கி, சீழ் தானே வெளியேற உதவுகிறது. குழந்தைகளின் இமைத்தோல் மிக மெல்லியது. ஆகையால் பெரியவர் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் துணியின் சூட்டைச் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

கட்டியைப் பிதுக்குவதும் ஊசியால் குத்துவதும் கூடாது. அவ்வாறு செய்தால் தொற்று சுற்றியுள்ள திசுக்களுக்குப் பரவக்கூடும். வலி மிகுந்தால் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவில் பாரசிட்டமால் தரலாம். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து எல்லோருக்கும் தேவைப்படாது. தேவையை மருத்துவரே முடிவு செய்வார். ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு மருந்துகளை மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் பயன்படுத்துவது ஆபத்தானது. அவை கண்ணழுத்தத்தை உயர்த்திப் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும். ஆறாத கட்டியை மருத்துவர் சிறு கீறலிட்டு அகற்றுவார். சிறு குழந்தைகளுக்கு இதனை முழு மயக்கத்தில் செய்ய நேரிடலாம்.

நாமக்கட்டியைக் குழைத்துப் பூசுவதும், உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடேற்றி ஒற்றுவதும் வழக்கில் உள்ள கைவைத்தியங்கள். பின்னதில் கிடைக்கும் வெப்பம் சிறிதளவே; கழுவாத விரலாயின் அதுவே தொற்றுக்கு வழியாகும். பூசும் பொருள் கண்ணுக்குள் சென்று உறுத்தலாம்.

அபாய அறிகுறிகள்

அரிதாக, தொற்று கட்டியைக் கடந்து இமை முழுவதும் பரவலாம். மேலும் பின்னோக்கிச் சென்று கண்குழியை அடைந்தால் பார்வைக்கும் உயிருக்கும் ஆபத்து நேரலாம். பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

- காய்ச்சலுடன் இமை முழுவதும் சிவந்து வீங்குதல்
- கண்ணைத் திறக்க இயலாமை
- விழியை அசைக்கும்போது வலி
- விழி முன்தள்ளுதல்
- பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல்

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கட்டியையும், கைக்குழந்தைகளுக்கு வரும் கட்டியையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சென்னையில் கண் மருத்துவம்

ஆசியாவின் மிகப் பழமையான கண் மருத்துவமனையாகக் கருதப்படும் மதராஸ் கண் மருத்துவமனை, 1819ஆம் ஆண்டில் ராயப்பேட்டையில் தொடங்கப்பட்டது. அதன் முதல் கண்காணிப்பாளர் ராபர்ட் ரிச்சர்ட்சன். 1884இல் அது எழும்பூருக்கு மாற்றப்பட்டது. இன்று எழும்பூர் அரசு கண் மருத்துவமனை என அறியப்படுவது இதுவே.

தடுப்பு

கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல், கண்ணைக் கசக்காதிருத்தல், துண்டையும் கண்மையையும் பிறருடன் பகிராதிருத்தல் ஆகியவை தடுப்பு வழிகளாகும். கட்டி உள்ள காலத்தில் குழந்தைக்கு மை தீட்டக் கூடாது.