வால் தூக்கும் நேரம்

கயிற்றைத் தாண்டி உள்ளே வாங்க! கைகோராவில் டிக்கெட் எடுத்தவர்கள் பார்க்காத பக்கத்தை நமக்குக் காட்டச் சம்மதித்துவிட்டார்கள்.

நியூசிலாந்தின் தென் தீவில், பனிமலையும் கடலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர் இது. திமிங்கலம் பார்க்கும் பயணம் கிளம்புவது ரயில் நிலையத்திலிருந்து! 1987-ல் மாவோரிக் குடும்பங்கள் சில, வீட்டை அடமானம் வைத்துத் தொடங்கிய தொழில் இது. அந்தத் துணிச்சலை நினைத்தாலே மனசு நிறைகிறது.

படகில் ஏறுவது சவுத் பே படகுத்துறையில். பயணிகள் வருவதற்குள் ஈர மழைக்கோட்டுகளை உதறி மாட்டுகிறார்கள்; ஒவ்வொரு இருக்கையிலும் வாந்திப் பை இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். "இன்னிக்கு அலை கொஞ்சம் ஆடும், இன்னொரு கட்டு எடு" என்று ஒருவர் சொல்ல, மூன்று பேர் சிரிக்கிறார்கள். குளிர்காற்றிலும் கயிறு இழுப்பவரின் கழுத்தில் வேர்வை.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம்தான், அடியில் 1,000 மீட்டருக்கும் மேல் ஆழமான பள்ளத்தாக்கு. ஸ்பெர்ம் திமிங்கலங்கள் வருஷம் முழுக்க இங்கே இரை தேடுவது அதனால்தான். எஞ்சினை நிறுத்துகிறார்கள். தண்ணீருக்குள் கேட்கும் மைக்கை இறக்கி, கேப்டன் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு மெல்லத் திருப்புகிறார். சட்டென்று அதைக் கழற்றி நம்மிடம் நீட்டுகிறார். டிக், டிக், டிக்... தட்டச்சுப் பயிற்சி நிலையத்துக்குள் நுழைந்த மாதிரி! இருட்டில் இரையைத் தேடத் திமிங்கலம் எழுப்பும் ஒலி. முக்கால் மணி நேரம்கூட அடியிலேயே இருக்குமாம். டிக் டிக் நின்றால் மேலே வரக் கிளம்பிவிட்டது என்று கணக்கு.

நின்றது! மேல்தளத்தில் ஆளுக்கொரு திசை பார்க்கிறார்கள். முதலில் கண்டுபிடிப்பவருக்கு மற்றவர் பிஸ்கட் வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம். இடப்பக்கம் சாய்வாக ஒரு மூச்சு பீறிடுகிறது. திமிங்கலம் மிதந்தபடி சில நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டு, முதுகை வளைத்து வாலைத் தூக்குகிறது பாருங்க, பயணிகளைவிட உரக்கக் கத்தியது துடைப்பமும் கையுமாக நின்ற பணிப்பெண்தான். தினம் பார்க்கிறவர்! அந்தக் கூச்சலுக்காகவே எனக்கு இந்த ஊரைப் பிடித்துவிட்டது.

கரையில் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேலை முடிந்த ஒருவர் நம்மைப் பாறை உச்சி நடைபாதை வழியாகப் பாயிண்ட் கீன் வரை கூட்டிப்போகிறார். கீழே வெளிறிக் கிடக்கும் பாறைத்தளத்தைக் காட்டுகிறார். 2016 நவம்பரில் வந்த 7.8 அளவு நிலநடுக்கத்தில் இந்தக் கரையே சுமார் 1 மீட்டர் உயர்ந்துவிட்டது. படகுத்துறையைத் தோண்டி ஆழப்படுத்திய பிறகே படகுகள் பழையபடி ஓடின. பேசிக்கொண்டே இறங்கினால் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு சீல் மல்லாந்து தூங்குகிறது. "அதுக்கு இன்னிக்கு லீவு" என்று சொல்லிவிட்டு, வழிவிட்டு ஒதுங்கி நடக்கிறார் அவர்.