மாமியின் முதல் ஈடு

புதுக் கிரைண்டரில் அரைக்கும் முதல் ஈட்டைக் கொட்டிவிடுகிறோம், இல்லையா? செல்போனில் பணம் அனுப்ப யு.பி.ஐ. ஆப்பை அமைப்பதும் அப்படித்தான். 2016-ல் வந்த இந்த முறை இப்போது கீரைக்காரம்மா வரை பரவிவிட்டது.

எதிர் வீட்டு மாமி தன் பென்ஷன் கணக்கை அதில் இணைக்க உட்கார்ந்தார். "நீ பக்கத்துல இரு, போனைத் தொடாதே!" என்று எனக்கு உத்தரவு.

முதல் முயற்சி தோல்வி. போனில் இரண்டு சிம். பாங்கில் பதிவாகாத நம்பரைத் தொட்டுவிட்டார். பதிவான நம்பரிலிருந்து ஆப் தானாகவே ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பித்தான் ஆளை உறுதி செய்கிறது. சிம்மை மாற்றியும் போகவில்லை. ரீசார்ஜ் தீர்ந்திருந்தது!

அடுத்து, டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களைக் கேட்டது. மாமி முதல் ஆறைப் போட்டார். ஒவ்வொரு சறுக்கலையும் பால் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டார். ரகசிய எண்ணை மட்டும் எழுதவில்லை. கெட்டிக்காரி!

சோதித்துப் பார்க்க நான் பத்து ரூபாய் அனுப்பினேன். ரகசிய எண்ணை எங்கே அடிப்பது என்று மாமி தேடுவதற்குள் பணம் வந்துவிட்டது. பணம் அனுப்பத்தான் அந்த எண், வாங்குவதற்கு வேண்டாம். அதுவும் நோட்டில் ஏறியது.

மறுவாரம், பழைய கட்டிலை வாங்குவதாக ஒருவன் பேசினான். "படத்தை ஸ்கேன் பண்ணி, பின் நம்பரைப் போடுங்க. பணம் வந்துடும்" என்றான்.

"வர்ற பணத்துக்கு எதுக்குடா சாவி?" என்று மாமி போனை வைத்துவிட்டார். இப்படிப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் தாமதிக்காமல் 1930-க்குப் புகார் சொல்ல வேண்டும். மாமிக்கு அது தேவைப்படவில்லை. கட்டில்தான் இன்னும் விற்கவில்லை.