அட்டவணையில் புள்ளி காணாமல் போகிறதா? வரிசை இடைவெளியைக் கவனியுங்கள்

'மரம் + வேர் = மரவேர்' எவ்வகைப் புணர்ச்சி? படிவம் நான்கு மாணவர்களுக்கு நான் தயாரித்த இலக்கணச் சோதனையில் இருந்த கேள்வி இது. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி 'இயல்பு புணர்ச்சி' என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். "டீச்சர், தாள்ல 'மர + வேர'ன்னுதானே இருக்கு?" என்றாள். வாங்கிப் பார்த்தால் உண்மைதான். அச்சில் புள்ளிகளைக் காணோம். மகர மெய் கெடுவதைப் பற்றிய கேள்வியில் மகர மெய்யே இல்லை! மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால், தவறு எங்கே என்று தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

எல்லாக் கேள்விகளையும் ஒரே பக்கத்தில் அடக்குவதற்காக, அட்டவணையின் வரி இடைவெளியை நான் இறுக்கியிருந்தேன். எழுத்தளவு 12 பாயிண்ட். வரிக்குக் கொடுத்த உயரமோ 10 பாயிண்ட். இடம் போதாமல் எழுத்துகளின் தலை வெட்டுப்பட்டது. திரையில் சரிபார்த்தேன்தான். நாமே தட்டச்சு செய்தது என்பதால், இல்லாத புள்ளியையும் நம் கண் இருப்பதாகவே வாசித்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தின் புள்ளி போனாலும் அது 'ஐ'தான். தமிழில் அப்படி இல்லை. புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். 'கி', 'கீ' இரண்டும் மேலே வெட்டுப்பட்டால் குறில் எது, நெடில் எது என்று தெரியாது. 'மு', 'மூ' கீழே வெட்டுப்பட்டாலும் இதே சிக்கல்தான். ஆகவே, தமிழ் அட்டவணையில் வரிசை இடைவெளி அழகுக்காக மட்டுமல்ல, பொருளுக்காகவும் தேவை.

சரி, மைக்ரோசாப்ட் வேர்டில் என்ன செய்யலாம்?

1. வரி இடைவெளி: அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, 'பேரகிராஃப்' பெட்டியைத் திறங்கள். 'லைன் ஸ்பேசிங்' என்பதில் 'எக்ஸாக்ட்லி' இருந்தால் 'சிங்கிள்' என மாற்றுங்கள். 'சிங்கிள்' எழுத்துருவின் உயரத்துக்கு ஏற்ப இடம் கொடுக்கும். 'எக்ஸாக்ட்லி' நீங்கள் சொன்ன அளவுக்கு மேல் இம்மியும் தராது.

2. வரிசை உயரம்: 'டேபிள் புராப்பர்ட்டீஸ்' சென்று 'ரோ' பகுதியைப் பாருங்கள். இங்கும் 'எக்ஸாக்ட்லி' வேண்டாம்; 'அட் லீஸ்ட்' போதும். குறைந்தது இவ்வளவு உயரம், தேவைப்பட்டால் கூடலாம் என்பது அதன் பொருள். 'எக்ஸாக்ட்லி' வைத்தால், நீளமான விடை இரண்டாம் வரிக்கு இறங்கும்போது அந்த வரி மறைந்துபோகலாம். மாணவர் கையால் எழுத வேண்டிய கட்டம் என்றால், ஒரு வரிக்கு 1 செ.மீ. கொடுங்கள்.

3. கட்டத்தின் உள் ஓரம்: பலர் கவனிக்காதது இதுதான். 'செல் மார்ஜின்ஸ்' பகுதியில் இடமும் வலமும் 0.19 செ.மீ. இருக்கும், மேலும் கீழும் வழக்கமாகப் பூஜ்யம். அதனால்தான் எழுத்து கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. மேலும் கீழும் 0.1 செ.மீ. வைத்துப் பாருங்கள். அட்டவணை உடனே மூச்சுவிடும்.

4. 'எண்டர்' தட்டாதீர்கள்: இடைவெளிக்காகக் கட்டத்துக்குள் வெற்று வரிகளைச் சேர்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எழுத்தளவை மாற்றினால் எல்லாம் கலைந்துவிடும். மேற்சொன்ன உள் ஓரத்தை மாற்றுவதே நிலையான வழி.

5. பக்கம் தாண்டும் வரிசை: 'ரோ' பகுதியிலேயே, வரிசை இரண்டு பக்கங்களில் பிரிய அனுமதிக்கும் தேர்வு ஒன்று இருக்கும். அதை நீக்கிவிடுங்கள். கேள்வி ஒரு பக்கம், விடைக்கான இடம் மறுபக்கம் என்று ஆகாது.

இடம் போதவில்லையா? வரிசையை இறுக்காதீர்கள். பக்க ஓரத்தைக் கொஞ்சம் குறையுங்கள், அல்லது இன்னொரு பக்கத்துக்குப் போங்கள். ஒரு தாள் மிச்சமாகும் என்று பார்த்தால், மாணவரின் மதிப்பெண் போய்விடும்.

இன்னொன்று. லதா, நிர்மலா, இணைமதி என ஒவ்வோர் எழுத்துருவும் வரிக்கு எடுக்கும் உயரம் வேறு. வீட்டில் தயாரித்த தாளைப் பள்ளிக் கணினியில் திறக்கும்போது, அந்த எழுத்துரு அங்கே இல்லையென்றால் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும், வரிசைகளும் நகரும். எனவே, பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். நகலெடுக்கும் முன் ஒரே ஒரு படி அச்சிட்டு, புள்ளிகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வாசித்துப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

மாணவர்களே, உங்களுக்கும் இது பொருந்தும். விடைத்தாளில் அட்டவணை வரையும்போது, ஒரு வரிசைக்குத் தாளின் இரண்டு கோடுகள் அளவு இடம் விடுங்கள். மேல்கோட்டில் ஒட்டிய புள்ளி, திருத்துபவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தெரிந்த விடைக்கு மதிப்பெண்ணை இழக்க வேண்டாமே.